ரொம்ப எளிமையா இருக்கே!

மணப்பாறை மாட்டுச் சந்தையில ஒரு படம் எடுக்குறோம்னு வெச்சுக்குங்க. 1024க்கு 768 புள்ளி. புள்ளிக்கு 3 பைட். பெருக்கினா சுமார் 23.6 லட்சம் பைட். 56கே மோடம் காலத்துல, லைன் முழு வேகத்துல ஓடினாலும் இதை இறக்க ஐந்தரை நிமிஷம் ஆகும். ஜேபெக்கா சுருக்கி 150 கேபி ஆக்கினா 20 நொடிதான். இந்த வித்தைக்கு விதை போட்டவர் ஒரு பெங்களூர்க்காரர் மக்களே!

நசீர் அகமது, 1940-ல் பிறந்தவர். பெங்களூரில் பொறியியல் முடித்து அமெரிக்கா போனார். 1972-ல் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, கோசைன் அலைகளை வைத்துத் தகவலைச் சுருக்கும் யோசனையோடு அந்நாட்டு தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் நிதி கேட்டார். "ரொம்ப எளிமையா இருக்கே" என்று கையை விரித்துவிட்டார்கள். மனுஷர் விடவில்லை. டி. நடராஜன், கே. ஆர். ராவ் இருவரோடு சேர்ந்து 1974 ஜனவரியில் கட்டுரையாகவே வெளியிட்டார். 1992-ல் வந்த ஜேபெக் அதன் மேல்தான் நிற்கிறது.

விஷயம் இதுதான். படத்தை 8க்கு 8 கட்டங்களா வெட்டி, ஒவ்வொன்றையும் மெதுவான அலை, வேகமான அலைன்னு பிரிக்கும். வேகமான அலைகள் கொஞ்சம் குறைஞ்சாலும் நம்ம கண்ணுக்குத் தெரியாது, அங்கேதான் கைவைக்கும். மாட்டு முதுகு, வானம், செம்மண் எல்லாம் படிப்படியா நிறம் மாறுறதால தப்பிச்சிடும். எழுத்து அப்படியில்ல, கறுப்புலேர்ந்து வெள்ளைக்கு ஒரே தாவல். ரொம்பச் சுருக்கினா ஓரம் கலங்கி, 'க்' மேல இருக்குற புள்ளியே காணாமப் போயிடும் :-)

எழுத்துக்கு 1987-ல் வந்த கிஃப் இருந்தது. ஆனா 256 நிறம்தான். அதன் சுருக்குமுறைக்குக் காப்புரிமை வைத்திருந்த யூனிசிஸ் 1994 கடைசியில் கட்டணம் கேட்க, கடுப்பான நிரலாளர்கள் சேர்ந்து உருவாக்கியதுதான் பிஎன்ஜி. 1996-ல் வந்தது. ஒரு புள்ளியைக்கூட இழக்காது.

ஆக, புகைப்படம்னா ஜேபெக். ஸ்கிரீன்ஷாட், எழுத்து, கோட்டுப்படம்னா பிஎன்ஜி. 4000 புள்ளி அகலப் படத்தை அப்படியே ஏத்தாதீங்க. 1200-க்குக் குறைச்சா மொத்தப் புள்ளிகள் 11-ல் ஒரு பங்காயிடும். முக்கியமா, மூலப்படத்தைத் தனியா வெச்சுக்கிட்டு நகல்ல கைவைங்க. ஜேபெக்கைத் திருத்தித் திருத்திச் சேமிச்சா ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தேயும். தேய்ஞ்சது திரும்பி வராது.