பார்த்து வரைவது தப்பா?

நம் குடியிருப்பில் படம் வரையும் பிள்ளைகளிடம் பெரியவர்கள் சொல்வதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். "என்ன, பார்த்தா வரையிற? சொந்தமா வரை." பெரியவர்களே கற்றுக்கொள்ள ஆசைப்பட்டாலோ, "இந்த வயசுல எதுக்கு?" இந்த இரண்டு பேச்சுக்கும் காது கொடுத்திருந்தால் வின்சென்ட் வான் கோ என்ற ஓவியர் நமக்குக் கிடைத்திருக்கவே மாட்டார்.

அவருடைய சூரியகாந்திப் பூக்களை நீங்கள் காபிக் கோப்பையிலாவது பார்த்திருப்பீர்கள். 1853-இல் நெதர்லாந்தில் பிறந்தவர். 16 வயதில் ஓவியம் விற்கும் நிறுவனம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். ஹேக், லண்டன், பாரிஸ் என்று ஊர் ஊராக மாற்றல். ஏறக்குறைய ஏழு வருடம் படங்களுக்கு நடுவிலேயே இருந்தார், வரைவதற்காக அல்ல, விற்பதற்காக. 1876-இல் வேலை போயிற்று. பள்ளி ஆசிரியர், புத்தகக் கடைச் சிப்பந்தி, பெல்ஜியத்தில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களிடையே மதபோதகர்: எதுவும் நிலைக்கவில்லை. 1880-இல், 27 வயதில், ஓவியராகப் போகிறேன் என்று முடிவு செய்தார்.

முதலில் என்ன செய்தார் தெரியுமா? பார்த்து வரைந்தார். ஷார்ல் பார்க் என்ற பிரெஞ்சுக்காரர் தயாரித்த பயிற்சித் தாள்கள் அந்தக் காலத்தில் பிரபலம். நம் பிள்ளைகளின் கையெழுத்துப் பயிற்சி நோட்டைப் போல, தாளில் இருப்பதை அப்படியே வரைந்து பழக வேண்டும். சுரங்க ஊரில் உட்கார்ந்து அதன் 60 தாள்களை வரைந்து தள்ளினார். கூடவே, ழான் பிரான்சுவா மில்லே என்ற ஓவியரின் உழவர் படங்களை அச்சுப் பிரதிகளைப் பார்த்து வரைந்தார். ஓவியப் பள்ளிகளில் அவர் இருந்த காலம் மிகவும் குறைவு. பெரும்பாலும் பிறர் படங்களே அவருக்கு வாத்தியார்.

படத்தைப் பார்ப்பது என்றால் நாம் பார்ப்பதுபோல் இல்லை. 1885-இல் ஆம்ஸ்டர்டாம் அருங்காட்சியகத்துக்கு நண்பர் ஒருவருடன் போனார். ரெம்பிராண்டின் 'யூத மணமகள்' ஓவியத்துக்கு முன்னால் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நண்பர் மற்ற அறைகளையெல்லாம் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தபோதும் அங்கேயே இருந்தார். காய்ந்த ரொட்டியோடு இதன் முன் இரண்டு வாரம் உட்கார விட்டால் ஆயுளில் பத்து வருடம் தருவேன் என்றாராம். நாம் அருங்காட்சியகத்துக்குப் போனால் ஒரு படத்துக்கு ஒரு செல்ஃபி நேரம்தான் ஒதுக்குகிறோம்.

சரி, கற்றுக்கொள்ளும்போது பார்த்து வரையலாம், தேர்ந்த பிறகு எதற்கு என்று கேட்கலாம். 1889 மே மாதம், மனநலம் குன்றி, பிரான்சில் செயின்ட் ரெமி ஊரின் காப்பகத்தில் தானாகவே போய்ச் சேர்ந்தார். சூரியகாந்தியை வரைந்து முடித்திருந்த காலம் அது. 'விண்மீன் இரவு' அங்கேதான் வரைந்தது. அப்படிப்பட்டவர், வெளியே போக முடியாத நாட்களில் பழைய மில்லேயைத் திரும்பவும் கையில் எடுத்தார். அந்த இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலுமாக மில்லேயைப் பார்த்து வரைந்த ஓவியங்கள் மட்டும் 21.

தம்பி தியோ அனுப்பிய பிரதிகள் கறுப்பு வெள்ளையில் இருந்தன. உருவம் மில்லேயுடையது, வண்ணம் முழுக்க வான் கோவுடையது. இது வெறும் நகல் ஆகாதா என்ற கேள்வியை அவரே எழுப்பிக்கொண்டு தம்பிக்கு எழுதினார்: பீத்தோவன் இசையை ஒருவர் வாசிக்கும்போது தன் பாணியையும் சேர்த்துத்தானே வாசிக்கிறார்? நமக்கு இது இன்னும் எளிதாகப் புரியும். ஒரே தியாகராஜர் கீர்த்தனையை மார்கழியில் பத்து சபாவில் பத்துப் பேர் பாடுகிறார்கள். யாரையும் காப்பி என்று நாம் சொல்வதில்லை.

அந்த 21-இல் எனக்குப் பிடித்தது 'முதல் அடிகள்'. 1890 ஜனவரியில் வரைந்தது. ஒரு தோட்டம். மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு அப்பா மண்டியிட்டு இரு கைகளையும் நீட்டுகிறார். எதிரே குனிந்து நிற்கும் அம்மாவின் பிடியில் குழந்தை, இதோ நடக்கப் போகிறது. மூவரின் முகமும் தெளிவாக இல்லை. நீட்டிய கைகளே எல்லாவற்றையும் சொல்லிவிடுகின்றன. அந்த மாதம் 31-ஆம் தேதி தியோவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. பெரியப்பா பெயரையே வைத்தார்கள், வின்சென்ட் என்று.

இந்தப் படத்தை அவர் எப்படி வரைந்தார் என்பதும் தெரியும். மில்லே படத்தின் புகைப்படத்தில் கட்டம் போட்டு, கட்டம் கட்டமாகத் துணிக்கு மாற்றினார். சென்னையில் சினிமா பேனர் வரைந்தவர்கள் சின்ன ஸ்டில்லைப் பெரிதாக்கிய அதே முறை. நீங்களும் செய்து பார்க்கலாம். ஓவியம் நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவர்களுடைய இணையதளத்தில் படத்தை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். கறுப்பு வெள்ளையில் அச்செடுங்கள். பென்சிலால் ஓர் அங்குலக் கட்டங்கள், வரையும் தாளில் இரண்டு அங்குலக் கட்டங்கள். வண்ணம் தீட்டி முடிக்கும்வரை வான் கோ தீட்டிய வண்ணத்தை எட்டிப் பார்க்காதீர்கள்.

1890 ஜூன் மாதம், பாரிஸுக்கு அருகே ஓவேர் கிராமத்திலிருந்து தியோவுக்கு ஒரு கடிதம் போயிற்று. பார்க்கின் பயிற்சித் தாள்களை அனுப்பி வை, 60-ஐயும் மறுபடி வரைய வேண்டும் என்று கேட்டிருந்தார். அதற்குள் 800-க்கும் மேற்பட்ட எண்ணெய் ஓவியங்களை அவர் வரைந்திருந்தார். அடுத்த மாதம் 29-ஆம் தேதி இறந்துபோனார்.