ரயிலை ஊதிய கலைஞன்

கலைக்கு ஜாதியில்லை, நிறமில்லை என்று மேடைதோறும் முழங்குகிறோம். முழங்கி முடித்த கையோடு மேளகாரரைக் கடைசிப் பந்திக்கு அனுப்புகிறோம். இவ்விரண்டும் ஒரே வீட்டில் ஒரே நாளில் நடைபெறுவதைக் கண்டு வியப்பவர் எவருமில்லை. காது ஒரு நீதியும் கண் வேறொரு நீதியும் வழங்கும் இந்த விசித்திரம் நமக்கு மட்டும் உரியதன்று. சமத்துவத்தின் தாயகம் என்று தன்னையே புகழ்ந்துகொள்ளும் அமெரிக்க நாட்டிலும் அது செழித்து வளர்ந்தது. அதற்குச் சான்றாக நிற்பவர் டிபோர்டு பெய்லி என்னும் கறுப்பின மவுத் ஆர்கன் கலைஞர். அவருடைய வரலாற்றைத் தோட்டத்திலும் பட்டணத்திலும் வாழும் நம்மவர் அறிந்துகொள்வது பயனுடைத்து.

"ப்ளூஸ்" என்பது அந்நாட்டுத் தென்பகுதியின் பருத்திக் காடுகளில், அடிமைகளின் வழித்தோன்றல்களிடையே தோன்றிய இசை. துயரத்தைச் சொல்லும், ஆனால் துயரத்திலேயே முடங்கிவிடாது. தெம்மாங்கைக் கேட்டு வளர்ந்த நமக்கு அதன் இயல்பை விரித்துரைக்க வேண்டியதில்லை. உழைத்துக் களைத்தவன் தன் நெஞ்சுக்குத் தானே சொல்லிக்கொள்ளும் ஆறுதல் எந்நாட்டிலும் ஏறக்குறைய ஒரே சாயலுடையது.

பிறப்பும் பிணியும்

பெய்லி 1899ஆம் ஆண்டு டிசம்பர் 14ஆம் நாள், டென்னசி மாநிலத்து ஸ்மித் கவுண்டியில், பெல்வுட் என்னும் சிற்றூரின் அருகே பிறந்தார். அவருடைய பாட்டனார் அடிமையாகப் பிறந்தவர்; விடுதலைக்குப் பின் அவ்வட்டாரமே மெச்சும் பிடில் வித்துவானாய் விளங்கியவர். தாய், குழந்தை நடை பழகும் பருவத்திலேயே மறைந்தார். அத்தையும் அத்தையின் கணவரும் பிள்ளையை எடுத்து வளர்த்தனர்.

மூன்றாம் வயதில் இளம்பிள்ளை வாதம் தாக்கிற்று. ஏறத்தாழ ஓராண்டு படுக்கை. தலையையும் கைகளையும் மட்டுமே அசைக்க முடிந்த அக்குழந்தையின் கையில் பெரியோர் ஒரு மவுத் ஆர்கனைக் கொடுத்தனர். படுத்தபடியே உலகத்தைக் காதால் அறிந்த பிள்ளை, கேட்டதையெல்லாம் வாயால் ஊதிப் பார்த்தது. நாய் குரைத்தால் நாய். கோழி கொக்கரித்தால் கோழி. தொலைவில் ரயில் கூவினால் ரயில். பிணி நீங்கிற்று, ஆனால் முதுகு சற்று வளைந்தே இருந்தது. உயரமும் ஐந்தடியை எட்டவில்லை.

மவுத் ஆர்கன் ஜெர்மனியர் லட்சக்கணக்கில் செய்து மலிவாக விற்ற கருவி. பத்துத் துளைகள், இருபது உலோக நாக்குகள், அவ்வளவே. ஊதினால் ஒரு சுரம், உறிஞ்சினால் மற்றொரு சுரம். இடைப்பட்ட சுரங்களுக்கு அதில் இடமே இல்லை. ஆயினும், மூச்சை உள்ளிழுக்கும்போது நாவையும் தொண்டையையும் தக்கவாறு அமைத்தால், சுரம் வளைந்து கீழிறங்குகின்றது என்பதைக் கறுப்பினக் கலைஞர் கண்டனர். செய்தவன் எண்ணிப்பாராத ஒலியை வாங்கியவன் வெளிக்கொணர்ந்தான். சீவாளியில் மூச்சை அழுத்தியும் தளர்த்தியும் கமகத்தைக் குழைத்தெடுக்கும் நாதஸ்வர வித்துவானைக் கேட்டவர்க்கு இந்த நுட்பம் எளிதில் விளங்கும்.

பெய்லி பள்ளிக்குச் செல்லும் வழியில் ஒரு ரயில் பாலம் இருந்தது. வண்டி அதன்மேல் ஓடும்போது பாலத்தடியில் நின்று கூர்ந்து கேட்பார். கேட்டதை வழிநெடுக ஊதிக்கொண்டே போவார். பின்னாளில் அவருக்கு அழியாப் புகழளித்த "பான் அமெரிக்கன் ப்ளூஸ்" என்னும் உருப்படிக்கு வித்து அங்கேயே விழுந்தது. வண்டி மெல்லப் புறப்படுவதும், வேகமெடுப்பதும், சங்கூதுவதும், நம்மைக் கடந்து தொலைவில் மறைவதும் ஒரு சிறு கருவிக்குள் அடங்கிவிடும். கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்கு அருகிலுள்ள புக்கிட் கூடாவரை 1886இல் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. அந்நாள் தொட்டு ரயில்வே உத்தியோகத்தை நம்பிக் குடும்பம் நடத்தியவர் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் பலர். நீராவி வண்டியின் மூச்சைக் கேட்டே பொழுது விடிந்த அந்த முதியோர் இவ்விசைத்தட்டைக் கேட்டிருந்தால், தம் வீட்டு வாசலில் வண்டி போவதாகவே கருதியிருப்பர்.

வானொலியில் ஏற்றம்

இளைஞரானதும் நாஷ்வில் நகரம் சேர்ந்த பெய்லி, வீட்டு வேலை, லிப்ட் இயக்கும் வேலை எனக் கிடைத்ததைச் செய்து பிழைத்தார். 1925 அக்டோபரில் அந்நகரத்து இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்று டபிள்யூ.எஸ்.எம். என்னும் வானொலி நிலையத்தை நிறுவிற்று. அதன் சனிக்கிழமை இரவு நாட்டுப்புற இசை நிகழ்ச்சியில் வாசித்து வந்த டாக்டர் ஹம்ப்ரி பேட் என்னும் வெள்ளையர், தாமும் மவுத் ஆர்கன் வாசிப்பவராதலின் பெய்லியின் தரத்தை உணர்ந்தார். 1926இல் அவரை நிலையத்துக்கு அழைத்துச் சென்று வாசிக்கச் செய்தார். நிகழ்ச்சித் தலைவர் ஜார்ஜ் ஹே கேட்டார்; உடனே சேர்த்துக்கொண்டார்.

1927 டிசம்பர் 10ஆம் நாள் இரவு நடந்தது சரித்திரம். முன்னதாக நியூயார்க்கிலிருந்து உயர்ந்த சாஸ்திரீய சங்கீதம் ஒலிபரப்பாயிற்று. அதனை நடத்திய வால்டர் டாம்ராஷ், சாஸ்திரீய இசையில் உலகியல் ஒலிகளுக்கு இடமில்லை எனினும், ரயிலின் ஓட்டத்தைச் சித்திரிக்கும் உருப்படி ஒன்றை விதிவிலக்காக வாசிப்பதாகக் கூறினாராம். அது முடிந்ததும் நாஷ்வில் நிகழ்ச்சி தொடங்கிற்று. இங்கு உலகியலைத் தவிர வேறொன்றுமில்லை என்று அறிவித்த ஹே, பெய்லியை முன்னிறுத்தினார். பெய்லி தமது ரயிலை ஊதினார். இதுவரை பெரிய ஆப்பரா கேட்டீர்கள், இனி நம் "கிராண்டு ஓல் ஆப்ரி" கேளுங்கள் என்றார் ஹே. "ஆப்பரா" என்ற சொல் பட்டிக்காட்டார் வாயில் "ஆப்ரி" எனத் தேயும். அந்தக் கேலிப்பெயரே நிலைத்துவிட்டது. இன்றும் உலகம் அறிந்த அந்த இசையரங்கத்துக்குப் பெயர் விழுந்த வேளையில் ஒலித்துக்கொண்டிருந்தது ஒரு கறுப்பரின் மூச்சு!

1927இல் நியூயார்க்கிலும் 1928இல் நாஷ்விலிலும் அவருடைய இசை தட்டுகளில் பதிவாயிற்று. 1928ஆம் ஆண்டின் 52 வாரங்களில் 49 வாரம் அவர் ஆப்ரியில் வாசித்தார். வேறெந்தக் கலைஞரும் அதற்கு அருகில்கூட வரவில்லை. வானொலிப் பெட்டியின் முன் அமர்ந்து கேட்ட வெள்ளையருள் பலர், அவர் கறுப்பர் என்பதையே அறியார். காதுக்கு நிறம் தெரியாதன்றோ!

வாசலுக்கு வெளியே

நிறம் தெரியும் இடத்துக்கு வந்தபோதுதான் சங்கடம் பிறந்தது. 1930ஆம் ஆண்டுகளில் ஆப்ரிக் குழுவினர் ஊர் ஊராகச் சென்று வாசித்தனர். புதியவராயிருந்த ராய் ஏகஃப் போன்றோருக்குக் கூட்டம் சேர்த்துக் கொடுத்தது பெய்லியின் பெயரே. இதனை ஏகஃப் பின்னாளில் மனமுவந்து ஒப்புக்கொண்டார். எனினும், மேடையில் வெள்ளையர் கைதட்டிய அதே ஊரில் அவர்களுடைய சாப்பாட்டுக் கடையில் பெய்லி அமர்ந்து உண்ண முடியாது. விடுதியில் உறங்க முடியாது. அங்கிள் டேவ் மேகன் என்னும் மூத்த வெள்ளைக் கலைஞர், பெய்லி தம்முடைய வேலைக்காரர் என்று விடுதிக்காரனிடம் பொய் சொல்லித் தம் அறையில் தங்க வைத்ததுண்டு. கலைஞன் என்றால் இடமில்லை; வேலைக்காரன் என்றால் இடமுண்டு! உடன் வாசித்தோரின் அன்பு பொய்யன்று. ஆனால் அன்பு வேறு, நீதி வேறு. அரங்கம் நிரம்பி வழிந்தாலும் அவருக்குக் கிடைத்தது நாளொன்றுக்கு ஐந்து டாலர் மட்டுமே.

இவரைவிட ஓராண்டு மூத்தவர், 1898இல் பிறந்த நம் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை. நாதஸ்வரக்காரர் நின்றே வாசிக்கவேண்டும் என்ற வழக்கத்தை மறுத்து, மேடையில் அமர்ந்து வாசித்துத் தம் கருவிக்கே மானம் தேடித் தந்தார். பெய்லிக்கு அவ்வாறு சண்டையிடச் சட்டமும் இடந்தரவில்லை, ஊரும் இடந்தரவில்லை.

சோம்பேறி என்ற பட்டம்

1941ஆம் ஆண்டு பிறந்தபோது, பாட்டு உரிமைச் சங்கம் ஒன்றுக்கும் அமெரிக்க வானொலி நிலையங்களுக்கும் கட்டணத் தகராறு முற்றிற்று. அச்சங்கத்தில் பதிவான உருப்படிகள் எதனையும் ஒலிபரப்பலாகாது என்று நிலையங்கள் முடிவு செய்தன. பெய்லியின் புகழ்பெற்ற உருப்படிகள் இத்தடையில் சிக்கின. கேட்போர் விரும்பிய பழைய இசையை வாசிக்கவொட்டாமல், புதியன கொண்டுவா என்றனர். அவ்வாண்டிலேயே வேலையை விட்டு நீக்கினர். பதினைந்து ஆண்டு உழைப்புக்கு விடை அதுவே.

அதனினும் கொடுமை பின்னர் நிகழ்ந்தது. 1945இல் ஹே வெளியிட்ட ஆப்ரி வரலாற்றுச் சிறுநூல், பெய்லி சோம்பேறி, புதியன கற்க மறுத்தார் என்று எழுதிற்று. இனத்தையும் இழுத்துப் பேசிற்று. 52 வாரத்தில் 49 வாரம் வந்து வாசித்தவர் சோம்பேறியாம்! இப்பட்டம் நமக்குப் புதியதா? இந்நாட்டு அறிஞர் சையத் ஹுசைன் அலாத்தாஸ், ஆள்வோர் தமக்கு வேண்டியவாறு உழைக்காதவனைச் சோம்பேறி என்று தூற்றிய கதையை 1977இல் ஒரு தனி நூலாகவே ஆராய்ந்து எழுதினார்.

அதே 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்ததை இங்கு நினைவுகூர்தல் தகும். ஆர்.எச். நாதன் முதலியோர் தலைமையில் நம் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். கூலி உயர்வோடு அவர்கள் வேறொன்றும் கேட்டனர்: துரையையும் உத்தியோகஸ்தரையும் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கவேண்டும் என்ற வழக்கம் ஒழியவேண்டும். நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் ஐவர் மாண்டனர். உத்தியோகஸ்தர் என்பதில் கிராணிமாரும் அடக்கம். அந்தக் கிராணி நாற்காலியில் இன்று அமர்ந்து செக்ரோல் எழுதும் எனக்கு, அக்கோரிக்கை வெறும் சரித்திரமன்று. உழைப்பைப் பெற்றுக்கொண்டு உழைத்தவனை மதிக்க மறுப்பதற்குக் கடல்கடந்த நாடு வேண்டியதில்லை. ஒரு சைக்கிளே போதும்.

மானத்தின் விலை

வேலை போன பெய்லி நாஷ்விலிலேயே காலணி துடைக்கும் கடை நடத்திப் பிள்ளைகளை வளர்த்தார். தட்டில் இசைத்த உதடுகள் கடையில் வருவோர்க்காக இசைத்தன. நகரச் சீரமைப்பு என்ற பெயரால் 1971இல் அக்கடையும் பறிபோயிற்று. அரசாங்க அடுக்கு வீட்டில் குடியேறினார். புகழ் மீண்டும் தேடி வந்தபோது, தம் தகுதிக்கேற்ற ஊதியம் தராத அழைப்புகளை மறுத்தார். சினிமா வாய்ப்பையும் மறுத்தார். ஐந்து டாலர் பாடத்தை அவர் மறக்கவில்லை. சிலர் இதனைப் பிடிவாதம் என்றனர். மானம் என்பதே சரியான சொல்.

1974இல் ஆப்ரி அவரை மீண்டும் அழைத்தது. அவ்வாண்டு டிசம்பரில், தம் 75ஆம் பிறந்தநாளன்று, அதே மேடையில் வாசித்தார். 1982 ஜூலை 2ஆம் நாள் காலமானார். நாட்டுப்புற இசைப் பெரியோர் மண்டபத்தில் அவர் பெயர் இடம்பெற்றது 2005இல்; அதாவது, மறைந்து இருபத்துமூன்று ஆண்டுகளுக்குப் பின்னர்!

காலங்கடந்த மரியாதை இறந்தவர்க்கு எட்டாது. இருப்பவர்க்குப் பாடமாக மட்டுமே பயன்படும். அப்பாடத்தை நாம் கற்றோமா? நம் தோட்டத் திருவிழாக்களில் பறை முழக்கியோர் யார், உறுமி அடித்தோர் யார், லயத்துத் திண்ணையில் புல்லாங்குழல் ஊதிப் பகல் முழுதும் பால் வெட்டிய களைப்பைப் போக்கியோர் யார்? நன்கொடையாளர் பெயர் நோட்டீசில் கொட்டை எழுத்தில் நிற்கிறது. இவர்கள் பெயர் எங்கே? ரப்பர் மரங்கள் வீழ்ந்து செம்பனை எழுந்துவிட்டது, லயங்களும் கலைந்துவிட்டன. அக்கலைஞர்களில் உயிரோடிருப்போர் இன்னும் சிலர். அவர்கள் பெயரைக் கேட்டு எழுதுவோம், மேடையில் அமர்த்துவோம், பேசிய கூலியைக் குறையாமல் கொடுப்போம், முதற்பந்தியில் நம்மோடு உட்காரவைத்து இலை போடுவோம். அதன் பின்னர், கலைக்கு ஜாதியில்லை என்று மேடையில் முழங்குவோம்.