விருந்தோம்பாத புழு

ஒட்டுண்ணியைத் தாங்கும் உயிரினத்தை நம் பாடநூல்கள் ‘விருந்தோம்பி’ என்கின்றன. குளவி முட்டையிடும் கம்பளிப்புழுவுக்கு அச்சொல் பொருந்துமா? இவ்வினாவின் பின்னே ஒரு நீண்ட அறிவியல் வரலாறு உள்ளது.

1860 மே மாதம் ஆசா கிரேக்கு எழுதிய கடிதத்தில் சார்லஸ் டார்வின், உயிருள்ள புழுக்களின் உடலுக்குள் இருந்து உண்ணும் இக்நியூமான் குளவிகளைக் கருணையுள்ள இறைவன் திட்டமிட்டுப் படைத்திருப்பான் எனத் தம்மால் நம்ப இயலவில்லை என்றார். அந்த அறவினாவைப் பலரும் அறிவர். அதனுள் அடங்கிய உடலியல் வினாவோ நெடுங்காலம் விடையின்றிக் கிடந்தது: தன்னுள் புகுந்த முட்டையைப் புழு ஏன் அழிப்பதில்லை?

புழு காவலற்ற உயிரன்று. அயற்பொருள் உட்புகுந்தால் அதன் குருதியணுக்கள் அடுக்கடுக்காகச் சூழ்ந்து உறையிட்டு அதனைக் கொல்லும். 1960களில் கேம்பிரிட்ஜ் அறிஞர் ஜார்ஜ் சால்ட், ஒரு குளவியினத்தின் முட்டையை அதன் மேற்பூச்சே காக்கிறது எனக் காட்டினார். அப்பூச்சு, தாய்க்குளவியின் சூலகத்தை அடுத்த ‘கேலிக்ஸ்’ பகுதியில் படிவது. அங்கே முட்டை புழுவின் கண்ணில் படாமல் ஒளிந்துகொள்கிறது எனலாம்.

1981இல் எட்சன், வின்சன், ஸ்டோல்ட்ஸ், சம்மர்ஸ் ஆகியோர் வேறொரு வழியைக் கண்டனர். கேம்போலெடிஸ் சோனோரென்சிஸ் என்னும் குளவியின் முட்டைகளைக் கழுவிப் புகையிலை மொட்டுப்புழுவினுள் செலுத்தியபோது அவை உறையிடப்பட்டன. கேலிக்ஸ் நீர்மத்திலிருந்து பிரித்தெடுத்த வைரஸையும் உடன் செலுத்தியபோது முட்டைகள் தப்பின. ஆக, முட்டை ஒளியவில்லை. புழுவின் எதிர்ப்பே முடக்கப்பட்டது.

இந்த வைரஸ்களின் மரபணுக்கள் குளவியின் குரோமோசோம்களிலேயே அமைந்து, தலைமுறைதோறும் கடத்தப்படுகின்றன. துகள்கள் கேலிக்ஸ் உயிரணுக்களில் உருவாகின்றன. புழுவினுள் அவை பெருகுவதில்லை. 2009இல் பெசியே முதலானோர், பிராகோனிட் குளவிகளில் உள்ள இத்தகைய வைரஸ்கள் ஒரு தொன்மையான நூடிவைரஸிலிருந்து தோன்றியவை என நிறுவினர். அந்த இணைவு நிகழ்ந்து ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகள் ஆகின்றன.

மொழியியல் பயின்ற எனக்கு இவ்விடத்தில்தான் நம் கலைச்சொல் உறுத்துகிறது. அயலிலிருந்து வந்த வைரஸைத் தன்னுள் ஏற்றுத் தன் உறுப்பைப் போலவே ஆக்கிக்கொண்டது குளவி. புழு எவரையும் ஓம்பவில்லை. மறுக்கும் ஆற்றல் அதனிடமிருந்து பறிக்கப்பட்டது. ‘விருந்தோம்பி’ என்று எழுதும்போது அந்த மறுப்பின் வரலாறே மறைந்துவிடுகிறது. இதற்குத் தகுந்த சொல் எதுவாக இருக்கலாம் என உயிரியல், தமிழ் ஆய்வு நண்பர்கள் கூறினால் மகிழ்வேன்.