உரலும் உலக்கையும் உரைக்கும் வரலாறு

வரலாறு என்னும் சொல்லைக் கேட்டவுடனே நம் மனக்கண்முன் தோன்றுவன கோட்டைகளும் கோபுரங்களும் போர்க்களங்களும் அரசர்தம் பட்டப் பெயர்களுமே ஆகும். முப்பது ஆண்டுகளாகப் பாடநூல் வழி நின்று வரலாறு கற்பித்துவரும் நாமும் இதற்கு விலக்கல்லோம். எனினும், ஒரு சிறுமியின் வினா நம் கண்ணைத் திறந்தது. அதனை இவ்வெள்ளி விழா மலரில் பதிந்து வைப்பது நம் கடமையெனக் கருதுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் பள்ளி மாணவ மாணவியரைக் கங்கைகொண்ட சோழபுரத்திற்கு அழைத்துச் சென்றோம். பெருங்கோயிலைக் கண்டபின், தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1980ஆம் ஆண்டு முதல் பல கட்டங்களாக அகழ்ந்து வந்துள்ள மாளிகைமேட்டிற்குச் சென்றோம். முதலாம் இராசேந்திர சோழனின் அரண்மனை அங்கே நின்றதையும், செங்கற் சுவர்களும் கூரை ஓடுகளும் இரும்பு ஆணிகளும் சீன நாட்டுப் பீங்கான் துண்டுகளும் அங்கே கிடைத்ததையும் எடுத்துரைத்தோம். அப்போது எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "ஐயா, இந்த அரண்மனைக்கு நெல் குத்தினவங்க எங்கே குடியிருந்தாங்க?" என்று வினவினாள். நாம் விடை கூற இயலாது நின்றோம். அவ்வினாவுக்கு நாம் தேடிய விடையே இக்கட்டுரை.

மண்ணில் எஞ்சுவனவும் மறைவனவும்

அகழ்வாராய்ச்சியில் கிடைப்பவை பெரும்பாலும் கல், சுடுமண், எலும்பு, கரிந்த தானியம் ஆகியனவே. மர உலக்கை மக்கிப் போகும். மூங்கில் முறம் செல்லரித்துப் போகும். சுரைக்குடுக்கையும் பனையோலைப் பெட்டியும் சுவடின்றி மறையும். ஆகவே பண்டை மக்கள் எதை உண்டனர் என்பதை ஓரளவு அறிய முடிந்தாலும், அதனை எவ்வாறு உண்ணத்தக்கதாக ஆக்கினர் என்பதை மண் முழுதும் சொல்வதில்லை. சோற்றுப் பானையின் ஓடு கிடைக்கும். சோறாக்கிய கை கிடைப்பதில்லை.

இக்குறையை நிரப்பவே, வாழும் மக்களின் வழக்கங்களைக் கொண்டு பண்டைப் பொருள்களை விளங்கிக்கொள்ளும் ஆய்வுமுறை வளர்ந்துள்ளது. இதனை இனத்தொல்லியல் என்பர். உரலில் குத்தியும், முறத்தில் புடைத்தும், திருகையில் திரித்தும் பழகிய முதியோரே இவ்வாய்வுக்கு ஆசான்கள் ஆவர். அத்தகைய ஆசான்கள் நம் பெரம்பலூர், அரியலூர் மாவட்டச் சேரிகளில் இன்றும் சிலர் உளர். இன்னும் பத்தாண்டுகள் கழித்து இருப்பரோ என்பதுதான் நம் கவலை.

நான்கு உணவும் நான்கு குடியும்

புறநானூற்றின் 335ஆம் பாடல் மாங்குடி கிழார் பாடியது. அப்பாடலில் நான்கு உணவுகளும் நான்கு குடிகளும் அடுத்தடுத்துச் சொல்லப்பெறுகின்றன. வரகு, தினை, கொள், அவரை என்பன உணவுகள். துடியன், பாணன், பறையன், கடம்பன் என்போர் குடியினர். இவையன்றி வேறு உணவும் இல்லை, இவரன்றி வேறு குடியும் இல்லை என்பது புலவர் கருத்து. அவ்வுணவு வரிசையில் நெல் இடம்பெறவில்லை என்பதையும், பிற்காலத்தார் தாழ்த்தி வைத்த பெயரொன்று அங்கே நிமிர்ந்து நிற்பதையும் இளைஞர்கள் ஊன்றி நோக்குதல் வேண்டும்.

அகழ்வாய்வும் இதற்கு மாறுபடவில்லை. கருநாடகம், ஆந்திரப் பகுதிகளில் நாலாயிரம் ஆண்டுகட்கு முற்பட்ட புதிய கற்கால ஊர்களில் கிடைத்த கரிந்த தானியங்களுள் முதன்மையானவை சிறுதானியங்களும் கொள்ளும் பச்சைப்பயறுமே. நெல்லும் தமிழகத்தில் பழமையானதே. பொருந்தல் ஈமச்சின்னத்தில் ஜாடியுள் கிடைத்த நெல் கி.மு. 490 எனவும், சிவகளை முதுமக்கள் தாழியில் கிடைத்த நெல்மணி கி.மு. 1155 எனவும் காலம் கணிக்கப்பெற்றுள்ளன. ஆயினும் ஈமத்தில் இட்ட உணவு வேறு. அன்றாடம் உண்ட உணவு வேறாகவும் இருந்திருக்கலாம். மானாவாரி நிலமே மிகுந்த நம் பகுதியில் நம் முன்னோரின் வயிற்றை நிரப்பியது வரகே ஆகும்.

வரகு கற்பிக்கும் பாடம்

வரகு மணியின் மேல் தோல் பல அடுக்காக இறுகியிருக்கும். அதனை நீக்குதல் எளிதன்று. நாம் சிறுவராயிருந்த நாளில் எங்கள் ஆயா வரகு திரிப்பதற்கென்றே மண்ணால் ஆன திருகை ஒன்றை வைத்திருந்தார். குழைத்த மண்ணால் இரு வட்டங்கள் செய்து, நிழலில் உலர்த்தி, நடுவே மரமுளை பொருத்தியது அது. சூளையில் சுட்டதன்று. "கல்லுத் திருகையில போட்டா வரகு நொறுங்கிப் போவும், மண்ணு திருகைதான் தோலை மட்டும் உரிக்கும்" என்பார். திரித்த வரகை முறத்தில் புடைத்து, உரலில் இட்டு மெல்லக் குத்தி, மீண்டும் கொழித்தபின்னரே உலைக்கு எடுப்பார்.

இதிலிருந்து பெறப்படுவது யாது? சுடாத மண் திருகை உடைந்தால் மழையில் கரைந்து மீண்டும் மண்ணாகிவிடும். ஆயிரம் ஆண்டு கழித்து அவ்விடத்தை அகழ்வோர்க்கு அது தென்படாது. கல் திருகை கிடைக்காத ஊரில் தானியம் திரிக்கப்படவில்லை என்று அவர் முடிவு கட்டினால் அம்முடிவு பிழையாகும். பிழையென்று எடுத்துக்காட்ட வல்லவர் எழுதப் படிக்கத் தெரியாத எங்கள் ஆயாவே அன்றோ!

வரகு பற்றி இன்னொரு அறிவும் நம்மிடையே உண்டு. கதிர் முற்றும் வேளையில் மழையில் நனைந்த வரகைக் 'கிறுக்கு வரகு' என்பர். அதனை உண்டோர்க்குத் தலைசுற்றலும் மயக்கமும் நடுக்கமும் உண்டாகும். ஆதலின் நனைந்த வரகை விலக்குவதும், புது வரகை உடனே உண்ணாது நன்கு உலர்த்திப் பழக விடுவதும் நம் பெரியோர் வழக்கம். இதனை மூடநம்பிக்கை என நகைத்தவர் உண்டு. ஆனால், அத்தகைய வரகில் வளரும் பூஞ்சை சைக்ளோபியசோனிக் அமிலம் என்னும் நஞ்சை உண்டாக்குகிறது என்பதை ஆய்வாளர் நிறுவியுள்ளனர். 2024ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியில் மத்தியப் பிரதேசத்துப் பாந்தவ்கர் புலிகள் காப்பகத்தில் வரகு மேய்ந்த யானைகள் பத்து இறந்தன. அவற்றின் உடற்கூறுகளில் இந்நஞ்சே காணப்பெற்றது. ஆய்வுக்கூடம் கண்ட உண்மையை நம் தாய்மார் அடுப்பங்கரையில் முன்னரே கண்டிருந்தனர். நன்கு உலர்ந்த வரகோ பல ஆண்டுகள் கெடாது. கோயிற் கலசங்களில் வரகை நிரப்பும் வழக்கத்திற்கு இதுவே காரணமாகக் கூறப்படுகிறது.

நிலவுரலும் வாடூனும்

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படையில் எயினர் மகளிர் உணவு ஆக்கும் காட்சி ஒன்று வருகிறது. அவர்கள் இரும்புப் பூண் இட்ட கோலால் கரம்பு நிலத்தைக் கிளறிப் புல்லரிசி திரட்டுவர். முற்றத்தில் தரையோடு அமைந்த நிலவுரலில் இட்டுக் குறிய உலக்கையால் குத்துவர். கிணற்று நீர் ஊற்றிப் பழம்பானையில் கஞ்சி வடிக்காது ஆக்கி, உப்புக்கண்டத்தோடு உண்பர். உலக்கை ஏன் குறியது? இவ்வினாவை நம் ஊர் மூதாட்டியர் இருவரிடம் கேட்டோம். "பொடி மணிக்கு ஓங்கிக் குத்தப்படாது சார்; சிதறிப் போவும், மாவாயிடும்" என்று இருவரும் ஒருங்கே விடையிறுத்தனர். கஞ்சி வடிக்காதது ஏன் என்றதற்கு, "கொஞ்சமா இருக்கிற சோத்துல கஞ்சியை வடிச்சுட்டா வயித்துக்கு என்ன மிஞ்சும்?" என்றனர். உரையாசிரியர் எவரும் எழுதாத உரை இது.

ஊனை நீளவாக்கில் கீறி, உப்பும் மஞ்சளும் தடவி, கயிற்றில் கோத்து வெயிலில் உலர்த்தும் முறையை நம்மவர் நன்கு அறிவர். கீழடி அகழ்வாய்வில் மாடு, எருமை, ஆடு, மான், காட்டுப்பன்றி ஆகியவற்றின் எலும்புகள் கிடைத்தன. அவற்றுட் சிலவற்றில் வெட்டுத் தழும்புகளும் காணப்பெற்றன. எலும்பின் எப்பகுதியில் கத்தி பட்டால் அது தோலுரித்த வெட்டு, எது கறி கீறிய வெட்டு, எது மூளை எடுக்க உடைத்தது என்று கண்டு சொல்லும் பழக்க அறிவு நம் முதியோரிடம் உண்டு. அவ்வறிவு நம்மீது சுமத்தப்பட்ட தொழிலால் வந்தது என்பதை நாம் மறவோம். தொழில் இழிவெனச் சுமத்தப்பட்டது. அதனால் விளைந்த அறிவு இழிவாகாது.

ஐந்துக்கு இரண்டு

இனிச் சோழர் காலத்திற்கு வருவோம். தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகளில் இறைவனுக்குரிய திருவமுதுக்கு நெல்லும் அரிசியும் கணக்கிடும்போது, 'ஐந்துக்கு இரண்டு' என்னும் விகிதம் வருகிறது. அதாவது ஐந்து படி நெல்லுக்கு இரண்டு படி அரிசி. ஆனால் நம் இல்லங்களில் வழங்கும் கணக்கோ இரண்டு படி நெல்லுக்கு ஒரு படி அரிசி என்பது. அக்கணக்கின்படி ஐந்து படி நெல்லுக்கு இரண்டரைப் படி அரிசி வரவேண்டும். எஞ்சிய அரைப் படி எங்கே போயிற்று?

இக்கணக்கையும் நம் தாய்மாரிடமே வைத்தோம். அவர்கள் கூறியதாவது: அவித்த நெல் குத்தினால் அரிசி அதிகம் உடையாது, பச்சை நெல் குத்தினால் நொறுங்கும். அதனை வெண்மையாகும்வரை தீட்டினால் தவிடு மிகும். உடைந்ததை எல்லாம் கொழித்து நீக்கி முழு அரிசியை மட்டும் அளந்தால் அளவு இன்னும் குறையும். இறைவன் அமுதுக்கு நொய் கலவாத, நன்கு தீட்டிய பச்சரிசியே வேண்டப்பட்டிருக்கும் என்றும், அந்த அரைப் படி நொய்யும் குருணையும் தவிடுமாகப் பிரிந்தது என்றும் நாம் இதனால் கருதுகிறோம். பண்ணை வீடுகளில் நம் தாய்மார் நெல் குத்திய நாளில் நொய்யும் தவிடுமே கூலியின் ஒரு பகுதியாகக் கிடைத்தன. நாம் வளர்ந்ததும் அந்த நொய்க் கஞ்சியில்தான்.

கோயில் அரிசியைக் குத்தியவர் சேரியினரே என்று நாம் கூறவில்லை. அதற்குச் சான்று நம்மிடம் இல்லை. ஆனால் இறையிலி நிலங்களைக் குறிக்கும் அதே தஞ்சைக் கல்வெட்டுகளில் ஊர் நத்தத்தோடு பறைச்சேரியும், கம்மாணச்சேரியும், சில ஊர்களில் தீண்டாச்சேரியும் பெயர் சுட்டப்படுகின்றன. அம்மாணவி கேட்டதற்குரிய விடையில் பாதி இங்கே உள்ளது. உழைத்தோர் குடியிருந்த இடம் கல்லில் உண்டு. அவர்தம் பெயர்தான் கல்லில் இல்லை.

ஓர் எச்சரிக்கை

இன்று நம் வீட்டில் உள்ளவை அனைத்தும் பழையவை என்று கொள்ளுதல் ஆகாது. மிளகாய், தக்காளி, நிலக்கடலை, மக்காச்சோளம் ஆகியன அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். 1492க்குப் பின்னரே கடல் கடந்து பரவியவை. இன்று பெரம்பலூர் மாவட்டத்து வயல்களில் எங்கு நோக்கினும் மக்காச்சோளம் நிற்கிறது. அதனைக் கண்டு இராசேந்திரன் படைவீரர் மக்காச்சோளம் உண்டனர் என்று எழுதினால் நகைப்புக்கு இடமாகும். ஆகவே முதியோர் சொல்லை இலக்கியத்தோடும் கல்வெட்டோடும் அகழ்வாய்வோடும் ஒப்பிட்டுப் பார்த்து, மூன்றில் ஒன்றேனும் துணை நின்றால் மட்டும் ஏற்றல் வேண்டும். அன்பினால் வரலாறு எழுதலாம். ஆனால் அன்பே சான்றாகிவிடாது.

அடைத்த கதவு

சிறுபாணாற்றுப்படையில் வறுமையுற்ற கிணைமகள் ஒருத்தி வருகிறாள். குப்பையில் முளைத்த வேளைக் கீரையைக் கிள்ளி, உப்பும் இன்றி வேகவைத்து, பிறர் காண நாணிக் கதவை அடைத்துத் தன் சுற்றத்தோடு உண்கிறாள். இப்பகுதியைப் படிக்கும்போதெல்லாம் நம் பள்ளி நாள்கள் நினைவுக்கு வருகின்றன. நண்பகலில் பிற மாணவர் வெண்சோறு உண்ண, நாம் தூக்குச் சட்டியின் மூடியைப் பாதியே திறந்து, வரகுச் சோற்றை மறைத்து மறைத்து உண்டோம். பலமுறை உண்ணாமலே திரும்பக் கொண்டு வந்தோம். ஆயா ஒன்றும் கேளாது, அச்சோற்றில் நீர் ஊற்றி வைப்பார்.

2023ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. இன்று நகரத்துக் கடைகளில் வரகரிசி அழகிய பைகளில் விற்கப்படுகிறது. மகிழ்ச்சியே. ஆனால், அதனை உண்ணத்தக்கதாக ஆக்கிக் காத்த கைகள் யாருடையவை என்று அப்பைகளில் எழுதப்படவில்லை. நாம் எழுதாவிடின் எவரும் எழுதார்.

ஆகவே, வெள்ளி விழாக் காணும் நம் கல்விச் சங்கத்தின் இளைஞர்களே! ஒவ்வொருவரும் ஒரு குறிப்பேடு எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆயாவிடமும் அப்பாயியிடமும் அமருங்கள். எந்த மண்ணில் திருகை செய்தீர்கள், எந்த மரத்தில் உலக்கை கடைந்தீர்கள், புதுப் பானையை எவ்வாறு பழக்கினீர்கள், பஞ்ச காலத்தில் எந்தக் கீரையையும் கிழங்கையும் உண்டீர்கள், எதை விலக்கினீர்கள், ஏன் விலக்கினீர்கள் என்று கேளுங்கள். அவர் சொன்ன சொல்லை மாற்றாது, அவர் பெயரையும் ஊரையும் சேர்த்து எழுதுங்கள். அக்குறிப்பேடுகளைச் சங்க நூலகத்தில் சேர்த்து வையுங்கள். நாளை ஆராய வருவோர்க்கு அவை கல்வெட்டாக அமையும்.

எங்கள் ஆயாவின் மண் திருகை என்றோ மழையில் கரைந்துவிட்டது. அதன் அளவை நாம் கேட்டு வைக்கவில்லை. பட்டம் பெற்றோம்; ஆசிரியர் ஆனோம்; கேட்கத் தோன்றவில்லை. அப்பிழையை நீங்கள் செய்யற்க.