கிளாம்பாக்கம் போறீங்களா? ஊருக்கு பஸ் ஏறும் முன் இதைப் படிச்சிடுங்க

வெள்ளிக்கிழமை மாலை ஆறரைக்கு ஆபீஸ் முடிகிறது. ஒன்பது மணிக்கு ஊருக்கு பஸ். ‘ரெண்டரை மணி நேரம் இருக்கே, போதாதா?’ என்று நினைத்தால், உங்கள் ஆபீஸ் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் பதில். பஸ் கிளம்பும் இடம் கிளாம்பாக்கம் ஆன பிறகு, சென்னையில் இருந்து ஊருக்குப் போகும் பயணம் பஸ்ஸில் அல்ல, உங்கள் வீட்டு வாசலிலேயே தொடங்கிவிடுகிறது.

எந்த பஸ் எங்கே கிளம்புகிறது, எப்படிப் போய்ச் சேர்வது, எங்கே உஷாராக இருக்க வேண்டும்? பார்க்கலாம்.

கோயம்பேட்டை விட்டு ஏன் போனார்கள்?

வெளியூர் பஸ்கள் ஒரு காலத்தில் பாரிமுனையில் இருந்து கிளம்பின. நெரிசல் தாங்காமல் 2002-ல் கோயம்பேட்டுக்கு மாறின. நகரம் வளர்ந்து கோயம்பேட்டையும் சூழ்ந்துகொண்டது. தெற்கே போகும் ஒவ்வொரு பஸ்ஸும் ஊருக்குள் ஊர்ந்து, தாம்பரம், பெருங்களத்தூர் தாண்டுவதற்குள் பயணிகளுக்குப் பாதித் தூக்கம் போய்விடும். பண்டிகை நாட்களில் கேட்கவே வேண்டாம்.

அதனால், கோயம்பேட்டில் இருந்து சுமார் 30 கி.மீ. தெற்கே, வண்டலூரைத் தாண்டி ஜி.எஸ்.டி. சாலையில் புதிய முனையம் கட்டப்பட்டது. சி.எம்.டி.ஏ. 88.52 ஏக்கரில், 393.74 கோடி ரூபாய் செலவில் கட்டிய இதை, முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 2023 டிசம்பர் 30-ம் தேதி திறந்துவைத்தார். அதிகாரப்பூர்வ பெயர், கலைஞர் நூற்றாண்டு பேருந்து முனையம்.

எந்த பஸ் எங்கே?

எல்லா பஸ்ஸும் இங்கே வந்துவிடவில்லை. பலர் ஏமாறுவது இதில்தான்.

- கிளாம்பாக்கம்: திருச்சி, மதுரை, நெல்லை, நாகர்கோவில், கோவை, சேலம், கும்பகோணம் என ஜி.எஸ்.டி. சாலை வழியாகப் போகும் அரசு பஸ்கள்.
- கோயம்பேடு: தென்மாவட்ட பஸ்கள் மாறியபோது, காஞ்சிபுரம், வேலூர், பெங்களூரு பக்கம் போகும் பஸ்களும், கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரி போகும் பஸ்களும் இங்கேயே தொடர்ந்தன. பெங்களூரு பக்கம் போகும் பஸ்களுக்கென்று திட்டமிடப்பட்டது குத்தம்பாக்கம் முனையம்.
- மாதவரம்: ஆந்திரா பஸ்கள். இதோடு, வடசென்னை மக்களுக்காக திருச்சி, சேலம், கும்பகோணம் போன்ற ஊர்களுக்கான பஸ்களில் ஒரு பகுதியும் 2024 ஜனவரி கடைசியில் இங்கே மாற்றப்பட்டது.

பெரம்பூரிலோ கொளத்தூரிலோ இருப்பவர் திருச்சிக்குப் போக, நகரத்தைக் குறுக்கே கடந்து கிளாம்பாக்கம் வர வேண்டியதில்லை. முதலில் மாதவரத்தில் பஸ் இருக்கிறதா என்று பாருங்க.

டிக்கெட் போடும்போது என்ன கவனிக்கணும்?

அரசு பஸ் டிக்கெட்டை 90 நாள் முன்பிருந்தே புக் பண்ணலாம். தேடும்போது, ‘சென்னை’ என்ற பெயரோடு நிறுத்தாதீங்க. ஏறும் இடம் எது என்று பாருங்க. கே.சி.பி.டி. என்று இருந்தால் அது கிளாம்பாக்கம்.

முன்பெல்லாம் கோயம்பேட்டில் கிளம்பிய பஸ்ஸை தாம்பரத்திலோ பெருங்களத்தூரிலோ மடக்கிப் பிடிக்கலாம். கிளாம்பாக்கம் அந்த இரண்டுக்கும் தெற்கே இருப்பதால், இங்கிருந்து கிளம்பும் பஸ் அந்தப் பக்கமே வராது.

ஆம்னி பஸ் என்றால் இன்னும் கவனம் தேவை. 2024 ஜனவரியில் ஆம்னி பஸ்களும் கிளாம்பாக்கத்தில் இருந்துதான் இயங்க வேண்டும் என்று அரசு சொன்னது. உரிமையாளர்கள் நீதிமன்றம் போனார்கள். பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம், போரூர், சூரப்பட்டு சுங்கச்சாவடிகளில் பயணிகளை ஏற்றி இறக்க இடைக்காலமாக அனுமதித்தது. அம்பத்தூர், போரூர்ப் பக்கம் வேலை பார்ப்பவர்களுக்கு இது பெரிய வசதி. டிக்கெட்டில் ‘போர்டிங் பாயின்ட்’ எது என்று பார்த்துத் தேர்வு செய்தால் ஒரு மணி நேரம் மிச்சமாகலாம்.

கிளாம்பாக்கமா, கேளம்பாக்கமா?

சிரிக்காதீங்க, டாக்சி புக் பண்ணும் அவசரத்தில் இந்தத் தப்பு சுலபமாக நடக்கும். கேளம்பாக்கம் இருப்பது ஓ.எம்.ஆரில். கிளாம்பாக்கம் இருப்பது ஜி.எஸ்.டி. சாலையில். ஒரு எழுத்து மாறினால் பஸ் போய்விடும். ஊர்ப் பெயரைப் போடாமல், முனையத்தின் முழுப்பெயரைப் போட்டுத் தேடுவது பாதுகாப்பு.

எப்படிப் போவது?

*எம்.டி.சி. பஸ்:* கோயம்பேடு, கிண்டி, தாம்பரம், பிராட்வே எனப் பல இடங்களில் இருந்து மாநகர பஸ்கள் நேராக முனையத்துக்குள்ளேயே வருகின்றன. பெண்களுக்கு சாதாரணக் கட்டண மாநகர பஸ்களில் கட்டணம் இல்லை. ஆனால் வெள்ளிக்கிழமை மாலை கிண்டியில் இருந்து தாம்பரம் வரை சாலை எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

*புறநகர் ரயில்:* நெரிசலில் இருந்து தப்பிக்க இதுவே நல்ல வழி. செங்கல்பட்டு வரை போகும் ரயிலாகப் பார்த்து ஏறுங்க. தாம்பரத்தோடு நிற்கும் ரயிலில் ஏறினால் அங்கே இறங்கி மாற வேண்டும். வண்டலூரிலோ ஊரப்பாக்கத்திலோ இறங்கி, பஸ் அல்லது ஷேர் ஆட்டோ பிடித்து வருவதுதான் முனையம் திறந்த நாளில் இருந்து பயணிகள் கண்டுகொண்ட வழி.

*மெட்ரோ:* விமான நிலையம் வரை வரலாம். அங்கிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் பஸ்.

*ஓ.எம்.ஆரில் இருந்து:* சிறுசேரி, நாவலூர்ப் பக்கம் இருப்பவர்கள் நகருக்குள் வரவே வேண்டாம். வண்டலூர்–கேளம்பாக்கம் சாலை நேராக இங்கே கொண்டுவந்து விடும்.

எம்.டி.சி., மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே க்யூ.ஆர். டிக்கெட் எடுக்க ‘சென்னை ஒன்’ செயலி 2025 செப்டம்பரில் வந்தது. இரண்டு மூன்று வண்டி மாறிப் போகிறவர்களுக்கு வரிசையில் நிற்கும் நேரம் மிச்சம்.

உள்ளே போனால்?

இடம் பெரியது. மாநகர பஸ் நிற்கும் இடம் வேறு, வெளியூர் அரசு பஸ்களின் நடைமேடைகள் வேறு, ஆம்னி பஸ்களின் பகுதி வேறு. பஸ் கிளம்ப ஐந்து நிமிடம் இருக்கும்போது எம்.டி.சி. பஸ்ஸில் இருந்து இறங்கி ஓடினால், பையோடு மூச்சு வாங்கும். குறைந்தது அரை மணி நேரம் முன்னதாக வந்துவிடுங்க. வயதான பெற்றோர் உடன் வந்தால் பேட்டரி கார் வசதியைக் கேளுங்க. பைக்கை விட்டுவிட்டுப் போக, கட்டணத்தோடு தரைக்குக் கீழே இரண்டு தளங்களில் பார்க்கிங் இருக்கிறது.

அதிகாலை வந்து இறங்கினால்?

உண்மையான சோதனை இதுதான். தெற்கே இருந்து வரும் பஸ்கள் பலவும் விடிவதற்கு முன்பே வந்துவிடும். நள்ளிரவுக்குப் பிறகு புறநகர் ரயில் கிடையாது. அதிகாலையில்தான் மறுபடி தொடங்கும். இரவில் மாநகர பஸ் உண்டு, ஆனால் பகலைப் போல அடிக்கடி வராது. அந்த நேரத்தில் டாக்சி கூப்பிட்டால், ஊரில் இருந்து வந்த பஸ் டிக்கெட்டை விட அது அதிகமாகிவிடலாம். எனவே முடிந்தால், ஐந்து மணிக்கு மேல் வந்து சேரும் பஸ்ஸாகத் தேர்ந்தெடுங்க. முன்னதாக வந்துவிட்டால், வெளியே ஆட்டோவுக்கு அலையாமல் முனையத்துக்குள்ளேயே உட்கார்ந்திருப்பது நல்லது.

ரயிலும் மெட்ரோவும் முதலில் வந்திருக்க வேண்டாமா?

நியாயமான கேள்வி. முனையத்தை ஒட்டி ஒரு புறநகர் ரயில் நிலையம், அங்கிருந்து ஜி.எஸ்.டி. சாலையைக் கடக்க ஒரு நடைமேம்பாலம் என்று திட்டம் இருந்தது. முனையம் திறந்த நாளில் இரண்டுமே தயாராக இல்லை. விமான நிலையத்தில் இருந்து கிளாம்பாக்கம் வரை 15.46 கி.மீ. மெட்ரோவுக்கு 9,335 கோடி ரூபாய் மதிப்பீட்டில் திட்ட அறிக்கை தயாரானது. ரயில் ஓட இன்னும் ஆண்டுகள் ஆகும். 2024 பிப்ரவரியில், ஊருக்குப் போக பஸ் போதவில்லை என்று பயணிகள் நள்ளிரவில் இங்கே மறியல் செய்ததும் நடந்தது.

இது புதுக்கதை அல்ல. கோயம்பேடு பஸ் நிலையம் திறந்தது 2002-ல். அங்கே மெட்ரோ வந்தது 2015-ல். இடையில் 13 ஆண்டுகள். பஸ் நிலையத்தை வெளியே நகர்த்தினால் நகரத்துக்கு நெரிசல் குறைகிறது. அந்த லாபம் எல்லோருக்கும் சேர்கிறது. ஆனால் அதற்கான விலையை, கூடுதல் ஒரு மணி நேரமாகவும் ஆட்டோ கட்டணமாகவும் கொடுப்பது, பையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போகிறவர் மட்டும்தான். அடுத்த முனையம் எங்கே வரும் என்பதை விட, அதற்கு ரயில் எப்போது வரும் என்று கேட்பதே நமக்குப் பயன்படும்.

அதுவரை ஒரு சின்னக் கணக்கு: பஸ் நேரத்தில் இருந்து அரை மணி கழியுங்க. மிச்சம் இருப்பதுதான், நீங்கள் கிளாம்பாக்கத்தில் கால் வைக்க வேண்டிய நேரம். அதிலிருந்து பின்னோக்கி எண்ணி ஆபீஸில் இருந்து கிளம்புங்க. வெள்ளிக்கிழமை என்றால், இன்னும் அரை மணி சேர்த்துக்கோங்க.