மாவட்ட வருமானம்: புனேவின் கணக்கை எப்படிப் போடுகிறார்கள், அதில் யார் விட்டுப்போகிறார்கள்?

சோலாப்பூரைச் சேர்ந்த ஓர் இளைஞர், புனே அருகே சாக்கனில் உள்ள கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அறை வாடகை, மெஸ் செலவு போக மீதிச் சம்பளத்தை ஊருக்கு அனுப்பிவிடுகிறார். தங்கையின் படிப்பு, வீட்டுக் கடன் எல்லாம் அந்தப் பணத்தில்தான் ஓடுகிறது. இப்போ சொல்லுங்க, அவர் உழைப்பு எந்த மாவட்டத்தின் கணக்கில் சேரும்?

புனே கணக்கில்தான். ஏன் அப்படி, அதனால் யாருக்கு என்ன பாதிப்பு என்று பார்க்கலாம்.

மாவட்ட உள்நாட்டு உற்பத்தி என்றால் என்ன?

நாட்டுக்கு ஜிடிபி இருப்பதுபோல மாவட்டத்துக்கும் உண்டு. ஒரு வருடத்தில் மாவட்ட எல்லைக்குள் உற்பத்தியான பொருட்கள், சேவைகளின் மதிப்பிலிருந்து மூலப்பொருள், மின்சாரம் போன்ற செலவுகளைக் கழித்தால் கிடைப்பது மதிப்புக் கூட்டல். அதோடு பொருட்கள் மீதான வரியைச் சேர்த்து, மானியத்தைக் கழித்தால் மாவட்ட உற்பத்தி வந்துவிடும். அதை மக்கள்தொகையால் வகுத்தால் தனிநபர் வருமானத்துக்கு ஓர் உத்தேச அளவு கிடைக்கும்.

மகாராஷ்டிராவில் 36 மாவட்டங்கள். மாநிலத்தின் பொருளாதார, புள்ளியியல் இயக்குநரகம் இந்தக் கணக்கைத் தயாரிக்கிறது. பட்ஜெட்டை ஒட்டி வரும் பொருளாதார ஆய்வறிக்கையில் மாவட்ட எண்களைப் பார்க்கலாம். தமிழ்நாட்டிலும் இதே போன்ற மதிப்பீடு உண்டு.

எல்லாமே நேரடியாக எண்ணப்பட்டதா?

இல்லை. விவசாயத்துக்கு மாவட்ட அளவிலேயே தரவு கிடைக்கும்: எந்தப் பயிர் எவ்வளவு ஏக்கர், என்ன மகசூல் என்று. பதிவு பெற்ற தொழிற்சாலைகளுக்கு ஆண்டுதோறும் தனி ஆய்வு நடக்கிறது.

சிக்கலே மற்ற துறைகளில்தான். டீக்கடை, தையல் கடை, ஆட்டோ ஓட்டுபவர் ஆகியோரின் வருமானத்தை மாவட்டம் மாவட்டமாக அளப்பது கடினம். எனவே மாநில மொத்தத்தை எடுத்து, எந்த மாவட்டத்தில் எத்தனை பேர் அந்தத் தொழிலில் இருக்கிறார்கள் என்பது போன்ற அளவுகோல்களை வைத்துப் பிரித்துக் கொடுக்கிறார்கள். ரயில்வே, வங்கி போல மாவட்ட எல்லையைத் தாண்டிய துறைகளுக்கும் இப்படித்தான் பங்கு பிரிக்கப்படுகிறது. ஆக, இந்த எண்ணில் ஒரு பகுதி அளந்தது, இன்னொரு பகுதி பங்கிட்டது.

சோலாப்பூர்க்காரர் உழைப்பு ஏன் புனே கணக்கில்?

வருமானத்தை இரண்டு விதமாகப் பார்க்கலாம். ஒன்று, அது உருவான இடம். இன்னொன்று, அது போய்ச்சேர்ந்த இடம். ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொன்றுக்குச் சம்பளமும் லாபமும் எவ்வளவு போகிறது என்பதற்கு முறையான தரவு இல்லாததால், உருவான இடத்தையே கணக்கில் எடுக்கிறார்கள். சாக்கனில் ஈட்டிய லாபம் மும்பையில் உள்ள பங்குதாரருக்குப் போனாலும் கணக்கு புனேவில்தான் நிற்கும்.

சராசரி யாரை மறைக்கிறது?

புனே மாவட்டத்தில் 14 தாலுகாக்கள். ஹிஞ்சவாடி ஐடி பார்க் இருப்பது முல்ஷி தாலுகாவில். அதே தாலுகாவின் மேற்கே சஹ்யாத்ரி மலைக் கிராமங்களும் உண்டு. ஜுன்னர், அம்பேகாவ் மலைப்பகுதிகளில் பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். ஐடி நிறுவனத்தின் வருவாயும் மலைக் கிராமத்தின் நெல் வயலும் ஒரே சராசரிக்குள் வந்துவிடுகின்றன.

இது வெறும் புள்ளிவிவரப் பிரச்சினை இல்லை. 1990களில் ஊட்டச்சத்துக் குறைவால் குழந்தைகள் இறந்ததற்காகச் செய்திகளில் அடிபட்ட ஜவ்ஹார், மொகாடா பகுதிகள் அப்போது தானே மாவட்டத்தில் இருந்தன. மும்பையை ஒட்டிய, தொழிற்சாலைகள் நிறைந்த தானே! 2014 ஆகஸ்ட் 1 அன்று பால்கர் தனி மாவட்டமான பிறகுதான் அந்தப் பகுதி தானேயின் சராசரியிலிருந்து வெளியே வந்தது.

அப்படின்னா நிதியை எதை வைத்து ஒதுக்குவது?

இந்த விவாதத்தில் புனேவுக்கே பெரிய பங்கு உண்டு. 1930-ல் இங்கு தொடங்கப்பட்ட கோகலே அரசியல், பொருளாதார நிறுவனத்தின் முதல் இயக்குநர் டி.ஆர். காட்கில், 1949-ல் அமைக்கப்பட்ட தேசிய வருமானக் குழுவின் உறுப்பினர். இந்தியாவின் வருமானத்தை எப்படி அளப்பது என்று வகுத்த குழு அது.

அதே நிறுவனத்தின் முன்னாள் இயக்குநர் வி.எம். தாண்டேகர் தலைமையில், பிராந்திய ஏற்றத்தாழ்வை ஆராய 1983-ல் மகாராஷ்டிர அரசு குழு அமைத்தது. குழு வருமானத்தை அளவுகோலாக எடுக்கவில்லை. சாலை, பாசனம், கல்வி, மருத்துவம், குடிநீர் என்று துறைவாரியாகப் பார்த்து, மாநில சராசரியை விட ஒரு மாவட்டம் எவ்வளவு பின்தங்கியிருக்கிறது, அந்தக் குறையை நிரப்ப எவ்வளவு செலவாகும் என்று கணக்கிட்டது. 1984 அறிக்கையில் வந்த மொத்த நிலுவை சுமார் 3,187 கோடி ரூபாய்.

அரசியல் சட்டத்தின் 371(2) பிரிவின் கீழ் விதர்பா, மராத்வாடா, இதர மகாராஷ்டிரா ஆகியவற்றுக்கு 1994-ல் வளர்ச்சி வாரியங்கள் வந்தன. அவற்றின் பதவிக்காலம் 2020 ஏப்ரலில் முடிந்தது. இதற்கிடையே 2011-ல் விஜய் கேல்கர் தலைமையிலான குழுவும் இதே கேள்வியை மறுபடி ஆராய்ந்தது.

2018-ல் தொடங்கிய முன்னேற விழையும் மாவட்டங்கள் திட்டமும் வருமானத்தை மட்டும் நம்பவில்லை. சுகாதாரம், கல்வி, விவசாயம் உள்ளிட்ட 49 குறியீடுகளைக் கண்காணிக்கிறது. மகாராஷ்டிராவிலிருந்து நந்தூர்பார், வாஷிம், கட்சிரோலி, உஸ்மானாபாத் (இன்றைய தாராஷிவ்) இதில் உள்ளன.

வெளிநாடுகளில் எப்படி?

ஐரோப்பிய ஒன்றியத்தில் பிராந்திய ஜிடிபி நேரடியாக நிதியைத் தீர்மானிக்கிறது. விலைவாசி வித்தியாசத்தைச் சரிசெய்த பிறகு, தனிநபர் ஜிடிபி ஒன்றிய சராசரியில் 75 சதவீதத்துக்குக் கீழே இருக்கும் பகுதிகளுக்கு அதிக உதவி கிடைக்கும். ஆனால், வெளியிலிருந்து தினமும் வேலைக்கு வருபவர்கள் அதிகமுள்ள நகரங்கள் நிஜத்தைவிடப் பணக்கார ஊர்களாகத் தெரியும் பிரச்சினை அங்கும் இருக்கிறது.

இனி என்ன மாறும்?

2025 ஜனவரி முதல் தேசிய மாதிரி ஆய்வுகளில் மாவட்டம் அடிப்படை அலகாக வைக்கப்பட்டிருக்கிறது. சிறுதொழில், வேலைவாய்ப்பு பற்றி மாவட்ட அளவிலேயே தரவு கிடைத்தால், பங்கிட்டுப் போடும் பகுதி குறையும். மக்கள்தொகைக்கு இன்னும் 2011 கணக்கெடுப்பை வைத்தே உத்தேசம் போட வேண்டியிருப்பதால், புதிய கணக்கெடுப்பு வந்ததும் தனிநபர் எண்களும் மாறலாம்.

ஆனால் சோலாப்பூருக்குப் போகும் அந்த மணியார்டர் பணம் அப்போதும் இந்தக் கணக்கில் வராது. எனவே 'உங்கள் மாவட்டம் பணக்கார மாவட்டம், தனி நிதி எதற்கு?' என்று யாராவது கேட்டால், நீங்கள் திருப்பிக் கேட்கலாம்: அந்தப் பணம் இங்கே உருவாவது சரி, இங்கே யார் கையில் தங்குகிறது?