ராணி எலிசபெத்தின் முடிசூட்டுப் படத்துக்குப் பின்னால் ஒரு திரைச்சீலை... யார் இந்த செசில் பீட்டன்?

தலையில் கிரீடம், ஒரு கையில் செங்கோல், மறு கையில் தங்கக் கோளம், பின்னால் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயம். 1953 ஜூன் 2-ம் தேதி முடிசூட்டிக்கொண்ட ராணி இரண்டாம் எலிசபெத்தின் இந்தப் படம் உலகப் புகழ் பெற்றது. ஆனால் அது தேவாலயத்தில் எடுத்த படமே இல்லை. பக்கிங்ஹாம் அரண்மனை அறையில், தேவாலயத்தை வரைந்த திரையைத் தொங்கவிட்டு எடுத்தது. நம்ம ஊர் ஸ்டுடியோவில் தாஜ்மஹால் திரை முன்னால் நின்று படம் எடுப்போமே, அதே வித்தைதான்!

எடுத்தவர் செசில் பீட்டன். புகைப்படக்காரர், ஆடை வடிவமைப்பாளர், அரங்க வடிவமைப்பாளர். 3 ஆஸ்கர் விருதுகளை வென்றவர். இனவெறுப்பு எழுத்துக்காக வேலையை இழந்தவரும் இவர்தான்.

கேமரா கற்றுக்கொடுத்த ஆயா

1904 ஜனவரி 14-ல் லண்டனில் பிறந்தார் பீட்டன். அப்பா மர வியாபாரி. வசதியான குடும்பம்தான், ஆனால் பிரபுக்கள் வம்சம் இல்லை. வீட்டில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாவிடம் ஒரு கோடக் கேமரா இருந்தது. படம் எடுக்கவும் கழுவவும் பீட்டன் கற்றது அவரிடம்தான். தங்கைகள் நான்சியும் பாபாவும் முதல் மாடல்கள்.

கேம்பிரிட்ஜில் படிக்கப் போனவர் பட்டம் வாங்காமலேயே வெளியேறினார். ஆனால் அங்கே நாடக வேடத்தில் இருந்த ஒருவரை எடுத்த படம் 1924-ல் 'வோக்' இதழில் வந்தது. அது ஃபோகஸ் சற்றே தவறிய படம் என்பது சுவாரஸ்யம்.

'சொசைட்டி போட்டோகிராஃபர்' என்றால் என்ன?

பிரபுக்கள், பணக்காரர்கள், நடிகைகள் எனப் பெரிய இடத்து மனிதர்களைப் பத்திரிகைகளுக்காகப் படம் எடுப்பவர். 1920-களில் லண்டனில் விருந்தும் மாறுவேடமுமாகத் திரிந்த இளைஞர் கூட்டத்தை 'பிரைட் யங் திங்ஸ்' என்று பத்திரிகைகள் அழைத்தன. பீட்டனுக்கு அந்த வட்டத்துக்குள் நுழையும் டிக்கெட்டாக இருந்தது கேமரா.

வெள்ளித் துணி, கண்ணாடி, செலோஃபேன் தாள் என்று கையில் கிடைத்ததையெல்லாம் பின்னணியாக்கினார். நெகட்டிவில் டச்சப் செய்து இடுப்பைச் சிறுக்க வைத்தார். இன்றைய ஃபில்டர் வேலையை அன்று கையால் செய்தார் என்று சொல்லலாம்.

ஏன் வேலை போனது?

1938-ல் அமெரிக்க 'வோக்' இதழுக்கு வரைந்த ஓவியத்தின் ஓரத்தில், கண்ணுக்குத் தெரியாத அளவு பொடி எழுத்தில் யூதர்களை இழிவுபடுத்தும் சொல்லை எழுதியிருந்தார். விஷயம் வெளியே வந்ததும் கடைகளுக்குப் போகாத பிரதிகளை நிறுத்தி, பக்கத்தை மாற்றி அச்சடித்தார்கள். பீட்டனின் வேலை போனது. ஜெர்மனியில் யூதர்கள் வேட்டையாடப்பட்ட காலம் அது என்பதால், இதை வெறும் குறும்பு என்று ஒதுக்கிவிட முடியாது.

போர் மாற்றிய கேமரா

1939-ல் அரசி எலிசபெத்தை, அதாவது இரண்டாம் எலிசபெத்தின் அம்மாவை, படம் எடுக்க அரண்மனை அழைத்தது. அடுத்து போர். பிரிட்டன் தகவல் அமைச்சகத்துக்காக வேலை செய்தார்.

லண்டனில் குண்டுகள் விழுந்த 1940-ல் ஒரு மருத்துவமனைக்குப் போனார். 3 வயதுக் குழந்தை ஐலீன் டன், தலையில் கட்டோடு பொம்மையை அணைத்தபடி கேமராவையே பார்த்தாள். வெள்ளித் துணி இல்லை, டச்சப் இல்லை. அந்தப் படம் அமெரிக்காவின் 'லைஃப்' இதழில் அட்டைப் படமானது. அமெரிக்கா இன்னும் போரில் இறங்காத நேரம் அது. பிரிட்டன் மீது அங்கே அனுதாபம் வளர உதவிய படங்களில் இதுவும் ஒன்று.

இந்தியா வந்தாரா?

வந்தார். 1944-ல் அமைச்சகம் அவரை இந்தியாவுக்கும், பர்மா எல்லைக்கும், சீனாவுக்கும் அனுப்பியது. அந்தப் பயணத்தில் பிறந்ததுதான் 'இந்தியன் ஆல்பம்' என்ற படப் புத்தகம். போர்க்காலத்தில் அவர் எடுத்த சுமார் 7,000 படங்கள் பிரிட்டனின் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் உள்ளன.

3 ஆஸ்கர் எதற்கு?

'ஜிஜி' (1958) படத்தின் ஆடை வடிவமைப்புக்கு ஒன்று. 'மை ஃபேர் லேடி' (1964) படத்தின் ஆடைக்கு ஒன்று, கலை இயக்கத்துக்கு இன்னொன்று. கடைசி விருது இருவருடன் பகிர்ந்தது. அந்தப் படத்தின் குதிரைப் பந்தயக் காட்சியில் கூட்டமே கறுப்பு வெள்ளையில் நிற்கும். 1910-ல் மன்னர் ஏழாம் எட்வர்ட் இறந்த துக்கத்தில், அஸ்காட் பந்தயத்துக்கு மக்கள் கறுப்பு உடையில் வந்தார்கள். அதிலிருந்து எடுத்த யோசனை அது. நாடக மேடைக்கான டோனி விருதும் 4 முறை கிடைத்தது.

விட்டுச்சென்றது என்ன?

1968-ல் லண்டன் தேசிய உருவப்பட அருங்காட்சியகம் அவருக்குத் தனிக் கண்காட்சி வைத்தது. உயிரோடிருக்கும் புகைப்படக்காரர் ஒருவருக்கு அங்கே அப்படி நடந்தது அதுவே முதல்முறை. ஓவியத்துக்கு இருந்த மரியாதை புகைப்படத்துக்கும் கிடைக்க அது வழி திறந்தது. 1972-ல் 'சர்' பட்டம் பெற்றார்.

1974-ல் பக்கவாதம் தாக்கி வலது பக்கம் செயலிழந்தது. சும்மா இருக்கவில்லை, இடது கையால் எழுதவும் வரையவும் பழகி, மீண்டும் கேமராவைத் தொட்டார். 1980 ஜனவரி 18-ல், 76 வயதில் காலமானார்.

அவர் எடுத்த அரச குடும்பப் படங்கள் இன்று லண்டனின் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கிரீடம் அணிந்த ராணி, தலையில் கட்டுப் போட்ட குழந்தை, 1938-ன் அந்தப் பொடி எழுத்து. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் பீட்டன் யார் என்பது முழுசாகத் தெரியும்.